ஒத்தைச் சிலிண்டரில் ஏற்காடு

கொஞ்சம் நீளமான இழை இது. பைக்கில் ஆரம்பிச்சு வேற இடத்துக்குப் போகும். பைக்கே ஓட்டாதவங்களும் படிக்கலாம். குறிப்பா, எப்பவோ ஒரு தடவை விலாவுக்குக் கீழே கல் வலி வந்து, அப்புறம் தானா போயிடுச்சுன்னு நிம்மதியா இருக்கறவங்க.

என்கிட்ட ஒரு பழைய ஆர்டி350 இருக்கு. 1980களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோட டிசைனை வாங்கி ராஜ்தூத் 350-ன்னு இங்க தயாரிச்ச வண்டி. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். பெட்ரோலைக் குடிக்குதுன்னு அப்ப பல பேர் வாங்கல. இன்னைக்கு அதையே தேடித் தேடி, சொல்ற விலை கொடுத்து வாங்கறாங்க. நானும் அந்தப் பைத்தியங்கள்ல ஒருத்தன்.

இந்தக் கதைக்கு நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். அந்த இன்ஜின்ல எல்லாமே ரெண்டு ரெண்டு. ரெண்டு கார்புரேட்டர், ரெண்டு பிளக், ரெண்டு காயில், ரெண்டு பாயிண்ட், ரெண்டு சைலன்சர். தனித்தனியா ரெண்டு 173 சிசி இன்ஜினை ஒரே கிராங்க்ல கட்டி வச்ச மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரு பிஸ்டன் மேல போறப்ப இன்னொண்ணு கீழ வரும். டூ ஸ்ட்ரோக்ங்கறதால ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு பக்கமும் ஒரு தடவை வெடிக்கும். 6000 ஆர்பிஎம்ல போனா ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 100 தடவை பத்தணும்.

இதுல ஒரு பக்கம் பத்தலைன்னா என்ன ஆகும்? வண்டி நின்னுடும்னுதானே நினைப்பீங்க? நிக்காது. இன்னொரு பக்கம் தன் வேலையையும் செஞ்சு, செத்த பக்கத்துப் பிஸ்டனையும் சேர்த்து மேலயும் கீழயும் இழுத்துட்டு ஓடும்.

போன டிசம்பர்ல சேலத்துலேர்ந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். பின்னாடி மனைவி. அடிவாரத்துலேர்ந்து மேல போற அந்த ரோட்டுல மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஏழெட்டு வளைவு வரைக்கும் ஒண்ணும் தெரியல. பத்தாவது தாண்டினதும் இழுவை செத்துப்போச்சு. ரெண்டாவது கியர்ல ஏற மாட்டேங்குது. முதல் கியருக்கு வந்தா முக்கிக்கிட்டு ஏறுது. சத்தமும் மாறிப்போச்சு. ரெண்டு வெடி கேக்க வேண்டிய இடத்துல ஒரு வெடி, ஏதோ ஆர்எக்ஸ்100 ஓட்டற மாதிரி. பின்னாடி வந்த டவுன் பஸ் ஹாரன் அடிச்சுட்டு எங்களைத் தாண்டிப் போச்சு. "இதுக்குத்தானா இவ்ளோ காசு கொடுத்தீங்க?"ன்னு பின்னாடியிலேர்ந்து குரல். பதில் சொல்லாம வண்டியைத் திருப்பினேன்.

கீழ வந்து அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு கிக் பண்ணா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ரெண்டு பக்கமும் ஜம்முனு ஓடுது!

சரி, எனக்குத்தான் வைத்தியம் தெரியுமே. நானே டயக்னோஸ் பண்ணினேன்: இடது கார்புரேட்டர் அடைப்பு. ஏன் அப்படி நினைச்சேன்னா, ஆறு மாசம் முன்னாடி பெட்ரோல் டேங்க்குள்ள இருந்த துரு வந்து இடது பக்க மெயின் ஜெட்ல அடைச்சிருந்தது. அதை நானே கழட்டி, ஊதி, சரி பண்ணி, வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ எல்லாம் போட்டிருந்தேன். மேடு ஏறும்போதுதானே பெட்ரோல் அதிகம் வேணும், அடைப்பு இருந்தா அப்பத்தானே தெரியும். காரணம் கச்சிதமாப் பொருந்துது. ஞாயித்துக்கிழமை கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணேன். அடுத்த வாரம் பாதி மேட்டுல அதே கதை. மறுபடி சுத்தம் பண்ணேன். மூணாவது தடவை புது ஜெட்டே வாங்கிப் போட்டேன்.

இதுல வெக்கமான விஷயம் ஒண்ணு. ரெண்டாவது தடவை வழியிலேயே இடது பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். ஈரமா இருந்தது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து பிசுபிசுன்னு, கறுப்பா. கொஞ்சம் யோசிங்க: கார்புரேட்டர் அடைச்சிருந்தா பெட்ரோல் உள்ள வராது. பெட்ரோல் வராத சிலிண்டரோட பிளக் காஞ்சில்ல இருக்கணும்? ஈரமா இருக்குன்னா பெட்ரோல் வருது, பத்தத்தான் இல்லைன்னு அர்த்தம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? "சரி, ஃப்ளோட்ல ஏதோ ஓவர்ஃப்ளோ போல"ன்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டு, துணியில துடைச்சுத் திரும்ப மாட்டிட்டேன்.

மருத்துவத்துல இதுக்கு ஆங்கரிங்னு பேரு. முதல்ல மனசுல பட்ட நோயில நங்கூரத்தைப் பாய்ச்சிடறது. அதுக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு தடயத்தையும் அந்த நோய்க்கு ஏத்த மாதிரி வளைச்சுக்கறது. மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன் இதைப் பத்தி.

கடைசியா பாய்கிட்ட போனேன்.

பாய் யாருன்னு சொல்லணும். பேர் போடல, போடக்கூடாதுன்னு அவரே சொன்னார். "போட்டா பழைய வண்டிக்காரன் எல்லாம் வந்து நிப்பான் தம்பி, எனக்குச் சோறு திங்க நேரம் இருக்காது." வயசு 58. தகரக் கொட்டகையில ஒரு ஒர்க்‌ஷாப். டூ ஸ்ட்ரோக் வண்டி மட்டும்தான் பாப்பார். நான் அவருக்கு டாக்டர், அவர் என் வண்டிக்கு டாக்டர். இந்த ரெண்டாவது உறவுலதான் மரியாதை ஜாஸ்தி.

நான் முழுக் கதையையும் சொன்னேன். மூணு தடவை கார்புரேட்டர் கழட்டினதையும் சொன்னேன். அவர் சிரிக்கல, அது ஒரு பெரிய மனசு. "பிளக் எப்படி இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டார். "ஈரமா"ன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தார்.

அப்புறம் கேட்டார், "வீட்டுல வண்டி நிக்கிற இடத்துல, இடது சைலன்சருக்குக் கீழ கறுப்பா சொட்டியிருக்கா?" இருந்தது. ரெண்டு வாரமா இருந்தது. டூ ஸ்ட்ரோக்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். "மைலேஜ்?" குறைஞ்சிருந்தது. பழைய வண்டின்னு விட்டுட்டேன். "டவுனுக்குள்ள ஓட்டும்போது லேசா அதிர்வு?" ஆமா. ரோடு சரியில்லைன்னு விட்டுட்டேன்.

"அப்ப ஏற்காட்டுல போகல தம்பி. டவுனுக்குள்ளயே அப்பப்ப ஒத்தைச் சிலிண்டர்லதான் ஓட்டிட்டு இருந்திருக்கீங்க. சமதளத்துல 40-ல போறதுக்கு ஒரு சிலிண்டர் போதும். அதான் தெரியல."

எரியாத பெட்ரோலும் ஆயிலும் எங்க போகும்? சைலன்சர் வழியா வெளிய வந்து என் வீட்டுத் தரையில சொட்டியிருக்கு.

வண்டியைப் பாத்தார். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல, தண்ணியில விரலை நனைச்சு ரெண்டு பக்கத்து பெண்ட் பைப் மேலயும் தெளிச்சார். ரெண்டும் சுர்ருன்னுச்சு. ரெண்டு பக்கமும் எரியுது. (இது யார் வேணா செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரத்துல ரெண்டு பைப்லயும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி. செத்த பக்கத்துல தண்ணி அப்படியே வழியும். தயவுசெஞ்சு கையை வச்சுப் பாக்காதீங்க. அந்தத் தழும்போட ரெண்டு பேர் என்கிட்ட வந்திருக்காங்க.)

அடுத்து ரெண்டு பிளக்கையும் கழட்டி, ஓட்டையில கட்டைவிரலை வச்சு கிக் பண்ணச் சொன்னார். ரெண்டு பக்கமும் விரலைத் தூக்கி எறிஞ்சது. கம்ப்ரஷன் இருக்கு; பிஸ்டன், ரிங் எல்லாம் பிழைச்சது. பிளக்கை ஓட்டைக்கு எட்ட, ஹெட்ல உடம்பு படற மாதிரி வச்சு கிக் பண்ணா ரெண்டுலயும் நீலமா, தடிமனா தீப்பொறி. எல்லாம் நார்மல்.

"பாத்தீங்களா பாய், கரண்ட் நல்லாதானே இருக்கு. அதான் நான் கார்புரேட்டர்னு…"

"நோயாளி வலியில்லாத நேரத்துல வந்தா நீங்க என்ன பாப்பீங்க?"ன்னார். "வண்டியை எடுங்க. மேல போவோம்."

அவர் டூல் பையை எடுத்துக்கிட்டு, ஒரு தண்ணி பாட்டிலோட என் பின்னாடி உக்காந்தார். ரெண்டு பேர் பாரம். இந்தத் தடவை எட்டாவது வளைவுலயே செத்தது. "நிறுத்தாதீங்க, ஓரமா விட்டு ஓடவிடுங்க"ன்னு இறங்கி, இடது பக்க கவரைக் கழட்டினார். அங்கதான் ரெண்டு பாயிண்ட்டும் இருக்கு. கழட்டினதும் எனக்கே தெரிஞ்சது. ஒரு பாயிண்ட் அமைதியா தட்டிட்டு இருக்கு. இன்னொண்ணு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பளிச் பளிச்சுன்னு வெல்டிங் வச்ச மாதிரி நெருப்பு.

இன்ஜினை நிறுத்தினார். இடது பிளக்கைக் கழட்டி கிக் பண்ணினா, கொட்டகையில நீலமா வந்த அதே தீப்பொறி இப்ப மஞ்சளா, நூல் மாதிரி. ரெண்டு பக்கத்துப் பிளக்கையும் மாத்திப் போட்டார். நோய் பிளக்கோட போகுதா, அங்கேயே நிக்குதா? இடதுலயே நின்னுச்சு. அப்ப பிளக் நல்லது. அடுத்து காயில். இங்க ஒரு சின்ன சூட்சுமம். பிளக்குக்குப் போற வயரை மட்டும் இடம் வலம் மாத்திப் போட்டா வண்டி ஓடாது, ஏன்னா ஒரு பிஸ்டன் மேல இருக்கறப்ப இன்னொண்ணு கீழ இருக்கு, தப்பான நேரத்துல பத்தும். காயிலுக்கு வர்ற வயரையும் சேர்த்து மாத்தணும். மாத்தினார். அப்பவும் இடதுதான் செத்தது. காயிலும் நல்லது.

மிச்சம் இருந்தது பாயிண்ட், கண்டென்சர். சட்டைப் பையிலேர்ந்து ஒரு கண்டென்சரை எடுத்தார், ஏதோ ஹால்ஸ் மிட்டாய் எடுக்கிற மாதிரி. பழசோட வயரைக் கழட்டிவிட்டு, இதோட வயரை அந்தப் பாயிண்ட்ல சுத்தி, உடம்பை இன்ஜின் போல்ட்ல கட்டினார். கிக். ரெண்டு பக்கமும் வெடிச்சது. பாயிண்ட்ல நெருப்பு நின்னுபோச்சு.

கண்டென்சர்னா என்னன்னு கேட்டா இப்படிச் சொல்லலாம். பாயிண்ட் திறக்கும்போது காயில்ல ஓடிட்டு இருந்த கரண்ட் சட்டுனு நிக்கணும். எவ்வளவு சட்டுனு நிக்குதோ அவ்வளவு வோல்டேஜ் பிளக்குக்கு எகிறும். ஆனா ஓடிட்டு இருக்கிற கரண்ட் அப்படி லேசுல நிக்காது, திறந்த இடைவெளியைத் தாண்டியாவது பாயப் பாக்கும். அந்த நொடியில அதை உள்வாங்கிக்கிற சின்ன டப்பி கண்டென்சர். அது கெட்டா, பிளக்ல வர வேண்டிய நெருப்பு பாயிண்ட்ல வரும். வயசான கண்டென்சருக்கு ஒரு குணம் உண்டு, சூடாகும்போது மட்டும் கெடும். ஆறினா நல்ல பிள்ளை. அதனாலதான் கொட்டகையில எல்லாம் நார்மல். டீ குடிச்சுட்டு வந்தா எல்லாம் நார்மல்.

வண்டி மேல குத்தம் இல்லை. இத்தனை வருஷம் ஆன பார்ட்டை மாத்தாம வச்சிருந்தது நான்.

(இப்ப வர்ற ரெட்டைச் சிலிண்டர் வண்டிகள்ல பாயிண்ட் கிடையாது, கண்டென்சர் கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக். ஆனா வரிசை அதேதான்: எந்தப் பக்கம்னு முதல்ல கண்டுபிடி, கம்ப்ரஷன், கரண்ட், பெட்ரோல், அப்புறம் நல்ல பக்கத்துப் பார்ட்டைக் கெட்ட பக்கத்துல போட்டுப் பாரு. ஒண்ணு மட்டும் கவனம். அந்த வண்டிகள்ல ஒரு சிலிண்டர் செத்திருக்குன்னு தெரிஞ்சும் ஓட்டிட்டே இருக்காதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதைக் காலி பண்ணிடும்.)

எட்டாவது வளைவு ஓரத்துல பாய் கவரை மாட்டிட்டு இருந்தார். நான் சும்மா இல்லாம, "இத்தனை நாள் எப்படி பாய் எனக்குத் தெரியாமப் போச்சு"ன்னு புலம்பினேன். அவர் நிமிராமலே சொன்னார்:

"வலது நல்லா இருந்துச்சுல்ல தம்பி. அது இழுத்துக்கிட்டுப் போச்சு. அதுவும் கொஞ்சம் மக்கர் பண்ணியிருந்தா முதல் நாளே என்கிட்ட வந்திருப்பீங்க."

சொல்லிட்டு எழுந்திருக்கும்போது, இடது கையை விலாவுக்குக் கீழ கொடுத்து, முதுகை ஒரு தடவை நிமிர்த்தினார். கொட்டகையில குனிஞ்சே வேலை பாக்கிற எல்லாரும் செய்யறதுதான். ஆனா எனக்கு வயித்துல ஏதோ புரண்ட மாதிரி இருந்தது.

மே மாசம். ராத்திரி 11 மணி. பாயை அவர் மகன் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். இடது விலாவுலேர்ந்து அடிவயித்துக்கு இறங்கிற வலி, வாந்தி, உக்காரவும் முடியல படுக்கவும் முடியல. தகரக் கொட்டகை, சித்திரை வைகாசி வெயில், நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, மிச்சமெல்லாம் டீ. கல் வர்றதுக்கு வேற என்ன வேணும்? ஊசி போட்டேன். ஸ்கேன்ல இடது யூரீட்டர்ல, அதாவது கிட்னியிலேர்ந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாயில, 6 மில்லிமீட்டர் கல். 5-க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் தானா வந்துடும். 6-ன்னா வரலாம், வராமலும் போகலாம். மாத்திரை கொடுத்து, ரெண்டு வாரத்துல திரும்ப ஸ்கேன்னு சொல்லி அனுப்பினேன்.

மூணு வாரம் கழிச்சு வந்தார். சளிக்காக. "கல் வலி?"ன்னு கேட்டேன். "அஞ்சாம் நாளே போச்சு தம்பி. வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சேன், கரைஞ்சிருச்சு." கிரியாட்டினின் எடுத்துப் பாத்தேன், 1.1. "கிட்னி நார்மல் பாய்"னு சொன்னேன். ஸ்கேன் எடுக்கல. வலிதான் இல்லையே, எதுக்கு இவருக்கு வீண் செலவுன்னு நினைச்சேன்.

இந்த இடத்தை நிதானமாப் படிங்க, உங்க வீட்டுலயும் நடக்கலாம். கல் வெளிய வந்தா வலி போகும். கல் அங்கேயே இருந்தாலும் வலி போகும். அடைப்பு புதுசா விழும்போது கிட்னிக்குள்ள அழுத்தம் சட்டுனு ஏறி இழுக்கும், அதுதான் அந்த உயிர் போற வலி. அடைப்பு நாள்கணக்கா நீடிச்சா அந்தக் கிட்னிக்குப் போற ரத்தம் குறையும், அது மூத்திரம் பிரிக்கிறது குறையும், அழுத்தமும் குறையும். வலி அடங்கும். வலி அடங்கினது குணமாகிட்டதாவும் இருக்கலாம், கிட்னி வேலையை நிறுத்திட்டதாவும் இருக்கலாம். எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, தொட்டுப் பாக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஸ்கேன்லதான் தெரியும்.

அப்ப கிரியாட்டினின்? ரெண்டு கிட்னியும் சேர்ந்து ரத்தத்தை எவ்வளவு சுத்தம் பண்ணுதுன்னுதான் அது சொல்லும். எந்தப் பக்கம் எவ்வளவுன்னு சொல்லாது. மொத்த வேலைத்திறன் கிட்டத்தட்ட பாதியாகற வரைக்கும் அந்த நம்பர் நார்மல் எல்லையைத் தாண்டாம இருக்கலாம். ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவங்களோட ரிப்போர்ட்டைப் பாத்தா பல பேருக்கு நார்மலாத்தான் இருக்கும். அதாவது நான் பாயோட ஸ்பீடாமீட்டரைப் பாத்து 40-ல ஓடுது, ரெண்டு சிலிண்டரும் சூப்பர்னு சொல்லியிருக்கேன்.

மே முதல் டிசம்பர் வரைக்கும் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அந்தக் கொட்டகையில உக்காந்து அவரோட டீ குடிச்சிருக்கேன். ஒரு தடவை கூட ஸ்கேன் ஞாபகம் வரல.

"பாய், நாளைக்குக் காலையில வாங்க. வெறும் வயித்துல வேண்டாம், தண்ணி குடிச்சுட்டு வாங்க. ஒரு ஸ்கேன் எடுக்கணும்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

மறுநாள் ஸ்கேன்ல இடது கிட்னி தண்ணி நிரப்பின பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வேலை செய்யற சதைப் பகுதி சுத்தி ஒரு மெல்லிய தோல் மாதிரி மிச்சம். சிடியில அதே கல், மூத்திரப்பைக்கு மேல, உக்காந்த இடத்துலயே. எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு பிரிச்சுச் சொல்ற டிடிபிஏ ஸ்கேன் ஒண்ணு இருக்கு. அதுல வலது 92 சதவீதம், இடது 8. அன்னைக்கும் அவரோட கிரியாட்டினின் 1.2.

யூராலஜிஸ்ட் என் நண்பர். அடைப்பை எடுத்துவிட்டா கொஞ்சமாவது திரும்புமான்னு பாக்க, முதுகு வழியா கிட்னிக்குள்ள ஒரு குழாய் வச்சு மூத்திரத்தை வெளிய வடிச்சார். ஆறு வாரம். பாய் இடுப்புல அந்தப் பையைக் கட்டிக்கிட்டே கொட்டகைக்கு வந்து, ஸ்டூல்ல உக்காந்து பையன்களை வேலை வாங்கினார். ஆறு வாரம் கழிச்சு திரும்ப ஸ்கேன். 9 சதவீதம்.

எடுத்துடறதுன்னு முடிவாச்சு. அடைச்சுக் கிடக்கிற கிட்னியில சீழ் பிடிச்சா உயிருக்கே வினை. (கல் இருக்கிறவங்களுக்குக் குளிர் காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்னு படுக்காதீங்க. அது வேற மாதிரியான அவசரம்.)

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்திரம் வார்டுக்குப் போனேன். மகனும் இருந்தான். சொல்லித்தானே ஆகணும்.

"பாய், ஜூன்லயே அந்த ஸ்கேனை எடுத்திருந்தா இந்தக் கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். நான் எடுக்கல."

"நானும்தான் தம்பி ரெண்டு வாரத்துல வரல."

"நீங்க மூணு வாரத்துல வந்தீங்க. நார்மல்னு சொன்னது நான்."

அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தார். அப்புறம், மகன் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை அந்த ஜாவாக்காரன் வருவான், கிளட்ச் பிளேட் வாங்கி வச்சுடு"ன்னார். மகன் என்னைப் பாக்கவே இல்லை. அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் அவன் இடத்துல இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

என் கிளினிக்ல இப்ப ஒரு நோட்டு இருக்கு. யூரீட்டர்ல கல்னு அனுப்பின ஒவ்வொருத்தர் போன் நம்பரும் அதுல இருக்கும். ரெண்டு வாரத்துல வரலைன்னா நர்ஸ் கூப்பிடுவாங்க. "வலி இல்லைங்க, எதுக்கு?"ன்னு பத்துல ஏழு பேர் சண்டை போடுவாங்க. போட்டுக்கட்டும்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ரெண்டு மாசம் கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம். கொட்டகைக்குப் போனப்ப ஸ்டூல் பக்கத்துல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில், அதுல பெயிண்ட்ல கோடு போட்டு, மத்தியானத்துக்குள்ள இது வரைக்கும், சாயந்திரத்துக்குள்ள இது வரைக்கும்னு. கோடு போட்டது மகனாம். என்னைப் பாத்ததும் அவனே எழுந்து போய் டீ வாங்கிட்டு வந்தான். எனக்கும் சேர்த்து.

பாய்க்கு வலி மாத்திரை பக்கமே போகாதீங்க, கை வலி கால் வலின்னு கடையில கேட்டு வாங்காதீங்க, இருக்கிற ஒரு கிட்னியை அது கெடுத்துடும்னு சொன்னேன். பிபி, சுகர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும். உப்பைக் குறைக்கணும். எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

என் வண்டியில அவர் அன்னைக்கு ரோட்டோரமா கட்டினது தற்காலிகக் கண்டென்சர். ரெண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கி வச்சிருந்தார். "இடதுதானே போச்சு, வலதையும் ஏன் மாத்தறீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே வயசுதானே"ன்னார். சொல்லிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தி என்னைப் பாத்தார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

அவரே பேசினார். "அப்ப இனிமே ஒத்தைச் சிலிண்டர்தான், இல்ல?"

"ஆமா பாய். ஆனா பயப்படாதீங்க. தண்ணி குடிச்சு, சொன்னதைக் கேட்டு இருந்தா அது ஒண்ணே போதும்."

"பயம் என்ன தம்பி"ன்னு கொட்டகைக்கு வெளிய கையைக் காட்டினார். யாரோ சர்வீஸுக்கு விட்டிருந்த பழைய புல்லட் ஒண்ணு நின்னுட்டு இருந்தது. "அதுக்கு என்ன ரெண்டு சிலிண்டரா இருக்கு? அது ஏறாத ஏற்காடா?"